காகிதத் தொப்பியும் நான்காவது ரீலும்

அண்ணே,

தெற்கே ஹட் பே துறையிலிருந்து திரும்பிய சாமான்களை இன்று காலை ஸ்டோரில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நம்பர் டப்பாவைத் திறந்தவுடன் பிலிம் ஒட்டும் பசையின் வாடை முகத்தில் அடித்தது. கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினாற்போல ஒரு வாடை. உங்களுக்கு அது ஆகாது. "இதை மோந்து மோந்துதான் நீ இப்புடி வெடுக்கு வெடுக்குன்னு பேசுற" என்பீர்கள். ரீலின் மேல் ஒரு காகிதத் தொப்பி நசுங்கிக் கிடந்தது. பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி மடித்தது. பிலிம் டப்பாவுக்குள் காகிதம் வைக்கவே கூடாது, ஈரத்தை இழுக்கும். வைத்தது நான்தான்.

ஏன் வைத்தேன் என்று உங்களுக்குத்தான் எழுத வேண்டும். நீங்கள் இல்லை என்பது தெரியும். போன மழைக்காலத்தில் ஹட் பேயில் காய்ச்சலில் போனீர்கள். அந்தச் சேதி கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து என் காதில் விழ பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் ஒரு பழுதைக் கண்டுபிடிக்க முதல் ஒயரிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு கப்பலேறி வந்து, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் ஜீப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. புரொஜெக்டர், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி மூன்றும் என் பொறுப்பு. மைக் உங்கள் பொறுப்பு. உங்களை எனக்கு அறிமுகப்படுத்திய டிரைவர் சொன்னது இவ்வளவுதான்: "ரங்கூன் நாடகக் கம்பெனில பதினோரு வருஷம் பபூன். பர்மாவ விட்டு வந்தப்போ கொண்டுவந்த ஒரே சாமான் அந்தத் தொண்டைதான்."

நம் வேலை விசித்திரமானது. மெயின்லேண்டிலிருந்து வருவது பாதி தமிழ்ப் படம். திடலில் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழ் தெரிந்தவர் மூன்றில் ஒரு பங்கு. மீதிப் பேர் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள். அதனால் படம் ஓட ஓட நீங்கள் மைக்கில் தீவு ஹிந்தியில் கதை சொல்வீர்கள். ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், வில்லன் சிரிப்பு, நாய் குரைப்பு எல்லாம் ஒரே தொண்டையில். எனக்கு முதல் நாளே எரிச்சல். கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஹீரோ நாலு வார்த்தை பேசுறான். நீங்க நாப்பது பேசுறீங்க. மிச்சம் முப்பத்தாறு எங்கேருந்து வருது?"

"அவன் சொல்லாம முழுங்குனதுப்பா அது."

அதை அளக்க எந்த மீட்டரும் என்னிடம் இல்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. நம் திரை வெறும் வேட்டித் துணி. கூட்டத்தில் பாதி திரைக்குப் பின்னால் போய் உட்காரும். அங்கே எழுத்தெல்லாம் இடது வலதாகப் புரண்டு தெரியும். முன்னால் இடம் இருக்கும்போதும் ஏன் பின்னால் போகிறார்கள்? ஒரு ராஞ்சிக்காரரிடம் கேட்டேன். முன்னால் ஜெனரேட்டர் சத்தம், பின்னால் அண்ணன் குரல் தெளிவாகக் கேட்கிறது என்றார். படத்தைப் பார்க்க அல்ல, உங்களைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எரிச்சல் கூடியது என்பதையும் மறைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பபூன் படம் வந்தது. தீவுக்கு முதல் முதலாக ஓட்டு வரப்போகிற வருஷம். அதுவரை நமக்கான எம்.பி.யை டில்லியில் நியமித்து அனுப்பினார்கள். இங்கே குடியேறிய பாதிப் பேர் வாழ்க்கையில் ஓட்டுச்சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் இந்தப் படம். தெருக்கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவன், மந்திரியைக் கிண்டல் செய்து பாடியதற்காக அடி வாங்குகிறான். கோபத்தில் மந்திரிக்கு எதிராகவே தேர்தலில் நிற்கிறான். தன் கூம்புத் தொப்பியைச் சின்னமாகக் கேட்டு வாங்குகிறான். முதலமைச்சராக ஆகியே தீருவேன் என்று ஊர் ஊராய்க் கூத்தாடி ஓட்டுக் கேட்கிறான். மூன்று ரீல் சிரிப்பு. நான்காவது ரீலில் அவன் ஜெயித்தானா, ஜெயித்து என்ன செய்தான் என்பது இருக்க வேண்டும்.

அந்த நான்காவது ரீலை அப்போது நீங்களோ நானோ பார்க்கவே இல்லை. முதல் பயணத்திலேயே, டிங்கிப் படகிலிருந்து கரையில் இறங்கும்போது அலை ஏறி அடித்தது. மூன்று டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவதில் கடல் தண்ணீர் புகுந்து பிலிம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவது ஆபரேட்டர் வேலை. மூன்றுக்கு ஒட்டினேன். நான்காவதுக்கு ஒட்டும்போது டிங்கிக்காரன் கத்தினான், அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பெட்டியில் வைத்தது நீங்கள். மூடியைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பெட்டியைச் சாத்தினீர்கள்.

அடுத்த வாரம் பெரார்கஞ்சைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு குடியேற்றத்துக்குப் போனோம். இங்கேதான் ஐந்து மணிக்கே பொழுது அடைந்துவிடுமே. ஆறு மணிக்குள் நெல் வயலோரம் முழுக்க ஆள். சிலர் மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தார்கள். மூன்றாவது ரீல் முடிந்தது. கோமாளி ஓட்டு எண்ணும் இடத்துக்கு ஓடுகிறான், கதவு திறக்கிறது, வெள்ளைத் திரை.

"படம் அவ்வளவுதான்னு சொல்லிருங்க. கெளம்பலாம்" என்றேன்.

"ஆளுக அம்புட்டுத் தூரம் நடந்து வந்துருக்காக. கதவத் தொறந்து வச்சுட்டுப் போகச் சொல்றியா?"

"ரீல் இல்லாம எதை ஓட்டுறது? லாம்ப் ஆயுசே இருபத்தஞ்சு மணி நேரம். வெறுந்திரைக்கு எரிக்க முடியாது."

"எரி. என் கணக்குல எரி."

அன்றைய பேப்பரைச் சுருட்டிக் கூம்பாக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தின் குறுக்கே போய் நின்றீர்கள். திரையில் பபூனின் நிழல். முன்னால் இருந்தவனுக்கும் பின்னால் இருந்தவனுக்கும் ஒரே நிழல்தான். அதற்கு எழுத்தும் இல்லை, இடம் வலமும் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு ஜெனரேட்டர் பக்கம் நின்றேன்.

உங்கள் கதையில் பபூன் ஜெயித்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனு கொடுக்க வருகிறாள். அவன் தொப்பியைப் பார்த்ததும் சிரிப்பு வந்து அவளால் பேச முடியவில்லை. அடுத்தவன் வருகிறான், அவனும் சிரிக்கிறான். ஒருத்தராலும் குறை சொல்ல முடியவில்லை. பபூன் யோசித்தான். தொப்பியைக் கழற்றி, கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்த வங்காளிக் கிழவியின் தலையில் வைத்தான். "அப் தும் மினிஸ்டர். போலோ" என்றான். இனி நீதான் மந்திரி, சொல்லு என்றான்.

கிழவி வெளிச்சத்துக்கு வந்தாள். தன் நிழல் அத்தனை பெரிசாக நிற்பதைத் திரும்பிப் பார்த்துப் பயந்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். நிழலும் வைத்தது. கிணற்றில் உப்புத் தண்ணீர் வருகிறது என்றாள். கம்பவுண்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறார் என்று அடுத்தவர். வரிசை நின்றது. ஒவ்வொருத்தரும் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். இடையிடையே நீங்கள், முத்திரையைச் சின்னத்தின் மேல் எப்படிக் குத்துவது, சீட்டை எப்படி மடிப்பது என்று நடித்துக் காட்டினீர்கள். "எங்க குத்துவ?" "டோபி பே!" தொப்பி மேல் என்று வயலே கத்தியது. லாம்ப் நாற்பது நிமிடம் எரிந்தது. கைதட்டல் நிற்கவில்லை.

அதன் பிறகு போன ஊரிலெல்லாம் அதே கதை. ரீல் சேதம் என்று மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று உங்களைத் தவிர எல்லோரும் நினைத்தோம்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. நம் ஜீப் போன ஊர்களில் ஒரு கோளாறு. வரிசையில் ஒழுங்காக நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் தொப்பி எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கிழவி ஓட்டுச்சாவடியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "டோபி லாவ், தப் மாரேகா." தொப்பியைக் கொண்டுவா, அப்புறம் குத்துகிறேன். சிலர் சீட்டின் ஓரத்தில் வெற்றிடத்தில் தொப்பி இருப்பதாக வைத்துக்கொண்டு குத்தியிருந்தார்கள். அதெல்லாம் செல்லாத ஓட்டு.

நம் ஆபீஸ் மேலதிகாரி, சாப், கூப்பிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நீங்களும் நானும். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: தொப்பிக்குக் குத்தச் சொன்னது படத்தில் இருந்ததா, இந்த ஆள் சேர்த்ததா? எழுதிக் கொடு.

உங்களுக்கு அந்த மைக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தினக்கூலி, ஒரு வரியில் நிறுத்தலாம். "படத்தில் இருந்தது" என்று எழுதியிருந்தால் முடிந்தது. தொப்பிச் சின்னம் படத்தில் இருந்ததுதானே, முழுப் பொய்கூட இல்லை. நான் உள்ளதை எழுதினேன். ஒன்று முதல் மூன்று ரீல் திரையிடப்பட்டது. நான்காவது ரீல் கடல் நீரால் சேதமானதால் திரையிடப்படவில்லை. அதன் பின் நடந்ததெல்லாம் அறிவிப்பாளரின் சொந்தச் சேர்க்கை.

அனுப்புவதற்கு முன் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். அபர்டீன் பஜாரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன். டீயை முழுதாகக் குடித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு" என்றீர்கள்.

மூடியைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"சனம் கை தட்டுச்சு. அதை எழுதலையே?"

"அதை அவங்க கேக்கல" என்றேன்.

"கேக்கலதான்" என்று எழுந்து போனீர்கள்.

மைக் போயிற்று. ஹட் பேயில் புதுக் குடியேற்றத்துக்குச் சாமான் இறக்கும் இடத்தில் வேலை என்று அனுப்பினார்கள். கப்பல் ஏற்றிவிட நான் வரவில்லை. ஜெனரேட்டர் பழுது என்று சொல்லிக்கொண்டேன். பழுது இருந்தது உண்மை. அதற்கு அன்றைக்கே அவசரம் இல்லை என்பதும் உண்மை. உங்கள் இடத்தில் வந்தவர் படத்தில் இருப்பதை மட்டும் சொன்னார். திரைக்குப் பின்னால் உட்காருகிற கூட்டம் நின்றுபோனது.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நான்காவது ரீலில் உண்மையில் என்னதான் இருந்தது? நீங்கள் சொன்ன முடிவு அதைவிட மோசமாக இருந்தால் என் ரிப்போர்ட்டுக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

நீங்கள் காய்ச்சலில் போய் மூன்று மாதம் கழித்துப் புதுப் பிரதி வந்து சேர்ந்தது. எத்தனை வருஷம் கழித்து! டப்பாவைத் திறந்து, ஸ்டோர்க் கதவைச் சாத்தி, பட்டப்பகலில் சுண்ணாம்புச் சுவரில் நான்காவது ரீலை மட்டும் ஓட்டினேன். உட்காரக்கூடப் பொறுமை இல்லை, நின்றுகொண்டே பார்த்தேன். கதவு திறக்கிறது. கோமாளி உள்ளே ஓடுகிறான். மாலை, மேளம், கோட்டை, நாற்காலி. பிறகு யாரோ அவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கூத்துக் கொட்டகையில் படுத்திருக்கிறான். அத்தனையும் கனவு. கடைசியில் மந்திரி வந்து தோளில் தட்டிக் கொடுக்கிறார், இவன் கும்பிடுகிறான். சுபம்.

கனவாம், அண்ணே. தேர்தலே நடக்கவில்லையாம். நீங்கள் சேர்த்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். எது மெய் என்று பார்த்தால், மூன்று ரீலும் நடக்கவே இல்லை என்று அது சொல்கிறது. தனியாக நின்று சிரித்தேன். பிறகு ஹட் பே பயணத்துக்கு என்னை அனுப்பும்படி நானே எழுதிக் கொடுத்தேன்.

அங்கே போன வாரம் நான்கு ரீலையும் காட்டினேன். கோமாளி கண் விழித்தான், மந்திரியைக் கும்பிட்டான். நான் லாம்பை அணைக்கக் கை வைத்தேன். திடலிலிருந்து ஒரே கூச்சல்.

"ஜூட்! ஜூட் பிக்சர்!"

"ஏ ஆபரேட்டர், பத்தி பந்த் மத் கரோ!"

பொய்ப் படமாம், விளக்கை அணைக்காதே என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து வந்தார். நீங்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட வீட்டுக்காரியாம்.

"என்ன தம்பி படம் இது? இப்பிடியா முடியும்? அண்ணன் எங்களுக்கு நூறு தரம் சொல்லிருக்காரு. பபூனு ஜெயிப்பான், தொப்பியக் கழட்டி நம்ம தலையில வப்பான்."

"படத்துல அப்படித்தான் இருக்கு, நான் என்ன பண்றது?"

"நீங்கதானா அந்த மெக்கானிக்குத் தம்பி?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களப் பத்திப் பேசாத நாளு கிடையாது. 'பொய்யி சொல்லத் தெரியாத பய, ஒரு மூடி விசயத்தத் தவிர'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது என்ன மூடி? கடைசி வரைக்கும் கேட்டேன், சொல்லலையே மனுசன்."

சொல்லவில்லை. சாப் முன்னாலும் சொல்லவில்லை, டீக்கடையிலும் சொல்லவில்லை, சோறு போட்டவரிடமும் சொல்லவில்லை. ஏன்? நான் கேட்டால் அதற்கும் ஒரு முப்பத்தாறு வார்த்தை வைத்திருப்பீர்கள். கேட்காமல் விட்டது என் தப்பு.

அந்த அக்கா முந்தானைக்குள்ளிருந்து காகிதத் தொப்பியை எடுத்தார். காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் நீங்கள் மடித்ததாம். எட்டாத உயரத்துக்கு எக்கி என் தலையில் வைத்தார். "போங்க, வெளிச்சத்துல போயி நின்னு சொல்லுங்க" என்றார்.

நான் மைக்கில் 'ஹலோ, செக்' தவிர வேறெதுவும் பேசியதில்லை. என் ஹிந்தி கடையில் ஸ்க்ரூ வாங்குகிற ஹிந்தி. போய் நின்றேன். நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், அந்தக் கிழவி ஏன் பயந்தாள் என்று விளங்கியது. அத்தனை பெரிய ஆள் நம் பின்னால் நின்றுகொண்டு நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருக்கிறான்.

மூடிக்கு டேப் ஒட்டவில்லை என்று சொன்னேன். அவசரப்பட்டேன் என்று சொன்னேன். ரீல் நனைந்தது என்னால், அதனால்தான் அண்ணன் திரையில் ஏறி நிற்க வேண்டி வந்தது, அதனால்தான் அவருக்கு மைக் போயிற்று, ரிப்போர்ட்டில் கடல் நீர் என்று எழுதினேன், என் கை என்று எழுதவில்லை. நான்கைந்து வாக்கியம்தான். ஹிந்தி பாதி, தமிழ் பாதி.

அப்புறம் பின்பக்கத்திலிருந்து யாரோ, "அச்சா. அப் டோபி தோ, ஹமாரா பாரி" என்றார். சரி, தொப்பியைக் கொடு, அடுத்து என் முறை. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். எனக்கா, உங்களுக்கா, அடுத்து வந்த அந்த மீசைக்காரருக்கா, தெரியவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கேட்டார்.

எல்லோரும் பேசி முடித்ததும் அந்த அக்கா தொப்பியை என்னிடமே தந்தார். டப்பாவுக்குள் வைத்தேன். இந்தத் தடவை மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப்.

இன்று பயண ரிப்போர்ட் எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் வழக்கமாக 'இல்லை' என்று எழுதுவேன். இன்று எழுதியது இது: படம் முடிந்தபின் லாம்ப் ஐம்பது நிமிடம் எரிந்தது. முன்பு நான்காம் ரீல் சேதமானதற்குக் காரணம் ஆபரேட்டர் மூடிக்கு டேப் ஒட்டாதது. அப்போதைய ரிப்போர்ட்டில் இது விடுபட்டுள்ளது. அப்போதும் இப்போதும் சனம் கை தட்டியது. சாப் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

ஸ்டோரில் அடுத்த பயணத்துக்கு உபரி லாம்ப் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேட்டேன். ஸ்டோர்க்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்ணு படத்துக்கு. இன்னொண்ணு எதுக்குய்யா?"

"படம் முடிஞ்சப்புறம் எரிக்க."

"படம் முடிஞ்சப்புறம் அங்க என்ன இருக்கு?"

"அதைப் பாக்கத்தான்" என்றேன்.